18-ஆவது கிலோமீட்டரில் விழுந்தவர் யார்? எல்லையோர அரை மாரத்தான் ஒன்றில் மீடியா டீம் செய்த வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டி ஓர் அரை மாரத்தான் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் வெப்பத் தாக்கில் சாலையில் விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் விழுந்து அரை மணி நேரம் ஆவதற்குள், அந்தப் பக்கமே வராத இன்னொருவர் இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் செய்தி ஓடியது. பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருந்தன. ஆள்தான் வேறு.

அன்று மீடியா டீமை ஒருங்கிணைத்தது நான். ஓட்டப்பந்தயத்தில் மீடியா டீம் என்றால் படம் எடுத்துப் போடுகிறவர்கள், நிருபர்களுக்கு டீயும் டிபனும் கொடுத்து உட்கார வைக்கிறவர்கள் என்றுதான் பல ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். ஒரு பெயரை எப்போது வெளியே சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்று முடிவெடுப்பதுதான் அந்த டீமின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம். அன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதினால் அது ஏன் என்று புரியும். விழாவின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இங்கே வேண்டாம்.

ஊரும் பாதையும்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் எல்லாம் கேரளத்து ஊர்கள்தான். ஆனால் கடைவீதியில் காதில் விழுவது பாதிக்கு மேல் தமிழ். தமிழில் பாடம் நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. நல்லது கெட்டது, துணிமணி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போகிற வீடுகள் ஏராளம். அதனால் இங்கே ஒரு செய்தி நடந்தால் அது ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஓடும். பாலக்காட்டுப் பதிப்புக்கு எழுதும் மலையாள நிருபரும், கோவைப் பதிப்புக்கு எழுதும் தமிழ் நிருபரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். ஒருவர் விசாரித்ததை மற்றவர் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்வதும் உண்டு.

பந்தயப் பாதை முழுக்கக் கேரளத்துக்குள்ளேயே போடப்பட்டிருந்தது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் இரண்டு மாநிலப் போலீஸிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் செல்போன் அலைக்குச் செக்போஸ்ட் கிடையாது. கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். எல்லையோரத்துத் தென்னந்தோப்புக்குள் நடந்தால் போன் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகும். இதனால்தான் நாங்கள் வாக்கிடாக்கியை நம்பினோம்.

அப்புறம் வெயில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று பிப்ரவரியில் வியர்வையை உடனே உலர்த்திவிடும். எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஓடுகிறவருக்கே தெரியாது. 2016 ஏப்ரலில் இந்த மாவட்டத்தில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த அளவு இல்லையென்றாலும், பிப்ரவரியில் எட்டு மணிக்கு மேல் ஓடுவது லேசான காரியம் அல்ல. பந்தயம் 5.30-க்குத் தொடங்க வேண்டியது. கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வந்து சேர்ந்தது 6.10-க்கு. 6.15-க்குத்தான் ஓட்டம் கிளம்பியது. அந்த 45 நிமிடம், பின்வரிசையில் ஓடியவர்களை நேராக வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

மீடியா அறை

பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைதான் எங்கள் மீடியா அறை. நான்கு பெஞ்சு, இரண்டு லேப்டாப், ஒரு பிரிண்டர், சுவரில் ஒட்டிய பாதை வரைபடம். முன்னால் போகும் பைக்கின் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து படம் எடுக்க ஒருவர், 5-ஆவது கிலோமீட்டரில் ஒருவர், திரும்புமிடத்தில் ஒருவர், ஃபினிஷில் இருவர். மலையாளச் செய்திகளை எழுத உள்ளூர் பள்ளி டீச்சர் ஒருவர் வந்திருந்தார். தமிழில் எழுதியதை அவர் மொழிபெயர்க்க மாட்டார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு நேரடியாக மலையாளத்தில் எழுதுவார். இப்படி இருவர் தனித்தனியாக எழுதும்போது, ஒருவர் எழுதியதில் உள்ள ஓட்டை மற்றவர் கேட்கும் கேள்வியில் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விடிகாலை நான்கரைக்கு எல்லா கேமராக்களையும் ஒரே மேஜையில் வைத்து, அவற்றின் கடிகாரங்களை ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் டைமிங் கம்பெனியின் ரேஸ் கிளாக்கோடு நொடி பிசகாமல் ஒத்துவைத்தோம். சும்மா எடுக்கும் படத்துக்கு இது தேவையில்லை. ஆனால் ஏதாவது நடந்தால், ஒவ்வொரு படத்திலும் பதிந்த நேரம்தான் சாட்சி. கீழே வரும் நேரங்கள் பாதிக்கு மேல் அந்தப் படங்களிலிருந்து எடுத்தவை.

இன்னொரு ஏற்பாடு, மெடிக்கல் டீமின் வாக்கிடாக்கி அலைவரிசை மீடியா அறையிலும் கேட்கும்படி வைத்தது. பேசக்கூடாது, கேட்கலாம். முதல் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "மீடியாக்காரங்களுக்கு எதுக்குங்க ஆம்புலன்ஸ் சமாச்சாரம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மருத்துவப் பொறுப்பாளராக இருந்த டாக்டர்தான், "அவங்க கேட்டா, நிருபர்கள் என்கிட்ட வந்து கேட்கமாட்டாங்க. நான் என் வேலையைப் பார்ப்பேன்" என்று சொல்லி முடித்துவைத்தார்.

8.20 முதல் 9.35 வரை

8.20-க்கு, வண்ணாமடைப் பக்கம் போய்த் திரும்பி வரும் வழியில், 18-ஆவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் அவர் தள்ளாடினார். பக்கத்தில் இருந்த தன்னார்வலர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அடுத்த சில அடிகளில் விழுந்தார். குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், அப்புறம் மயக்கம் என்பது உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கின் அடையாளம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். இதற்கு உலகெங்கும் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் விதி ஒன்றுதான்: முதலில் குளிரவை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

தன்னார்வலரில் ஒரு தம்பி பதற்றத்தில் 108-க்குப் போன் போட்டார். அவர் போன் அப்போது எல்லை தாண்டிய டவரில் இருந்ததால் அழைப்பு தமிழ்நாட்டு மையத்தில் போய் விழுந்தது. அவர்கள் மாவட்டம் கேட்க, இவர் பாலக்காடு என்று சொல்ல, அதிலேயே நேரம் போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே அப்படித்தான் நடக்கும். இன்னொருவர் வாக்கிடாக்கியில் கூப்பிட்டதால் 15-ஆவது கிலோமீட்டரில் நின்ற பந்தய ஆம்புலன்ஸ் 8.27-க்கு வந்தது.

8.29-க்கு எடுத்த படத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்றின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்திருக்கிறார்கள். நடுவில் அவர் கிடக்கிறார். இரண்டு பேர் மீன் கடையிலிருந்து வாங்கி வைத்த ஐஸையும் தண்ணீரையும் கொட்டுகிறார்கள். தொட்டில் ஆட்டுவதுபோல் தார்ப்பாயை ஆட்ட ஆட்ட, ஐஸ் தண்ணீர் உடம்பின் மேல் அலைந்துகொண்டே இருக்கிறது. பெரிய தொட்டி கிடைக்காத இடத்தில் இது தெரிந்த முறைதான். டாக்டர் முந்தின நாள் மாலை பள்ளி மைதானத்தில் இதைப் பயிற்சி கொடுத்திருந்தார். படத்தில் தார்ப்பாய் பிடித்திருக்கும் ஒரு பையனின் முழங்கை விறைத்து, நரம்பு புடைத்துத் தெரிகிறது. அவர்கள் கால் மணி நேரத்துக்கு மேல் அதை இறக்கவில்லை.

திரும்புமிடத்துப் போட்டோகிராபர் பைக்கில் வந்து எடுத்த படங்கள் இவை. எடுக்கலாம், ஆனால் அனுப்பக்கூடாது என்பது எங்கள் விதி. அவர் மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டு, நேரே என்னிடம் கொடுத்தார். விழுந்து கிடக்கும் மனிதரின் முகம் அவருடைய சொத்து, அல்லது அவர் வீட்டாருடைய சொத்து. நம்முடையது அல்ல. அதே சமயம் எடுக்காமலும் இருக்கக்கூடாது. சிகிச்சை எப்போது தொடங்கியது என்ற கேள்வி பின்னால் வந்தே தீரும்.

ஆனால் வழியில் நின்ற யாரோ போனில் எடுத்த சிறு வீடியோ 8.34-க்கே வாட்ஸப்பில் வந்துவிட்டது. தார்ப்பாயில் ஆளைத் தூக்கியிருப்பது மட்டும் தெரிகிறது. தெரியாதவர் பார்த்தால் சடலத்தைத் தூக்குவதாகத்தான் நினைப்பார். வீடியோவின் ஓரத்தில் அவருடைய பிப் எண், அதாவது ஓடுகிறவர் நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையின் எண், தெளிவாகத் தெரிந்தது.

8.36-க்கு முதல் நிருபர் போன் செய்தார். அப்போது பிப் பட்டியல் என் முன்னால் இருந்தது. லேப்டாப்பில் இருந்த தம்பி அந்த எண்ணைத் தேடிப் பெயரையும் கண்டுபிடித்துவிட்டார். 27 வயது, பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்.

"அண்ணா, பேர் கிடைச்சிருச்சு. குடுத்துரலாமா?"

"வேண்டாம் தம்பி. வீட்டுக்குத் தெரியாம பேர் போகக்கூடாது."

8.40-க்கு முதல் குறிப்பை எழுதினோம். அதில் "நலமாக இருக்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. வாக்கிடாக்கியில் டாக்டரிடம் படித்துக் காட்டினோம். "நலம்னு எழுதாதீங்க. சிகிச்சையில் இருக்கார்னு மட்டும் எழுதுங்க" என்றார். அதன்படி போனது இதுதான்: "18-ஆவது கிலோமீட்டர் அருகே ஓட்டக்காரர் ஒருவர் மயங்கி விழுந்தார். மருத்துவக் குழு உடனிருந்து சிகிச்சை அளிக்கிறது. குடும்பத்தாரிடம் பேசிய பிறகே மற்ற விவரங்கள் தரப்படும். அடுத்த தகவல் 9 மணிக்கு." மலையாளத்தில் டீச்சர் எழுதியதும் அதே நிமிடத்தில் போனது. கடைசி வரிதான் மிக முக்கியம் என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்த தகவல் எப்போது வரும் என்று தெரிந்தால் பொறுப்பான நிருபர் காத்திருப்பார்.

எல்லோரும் காத்திருக்கவில்லை. டைமிங் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பிப் எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பெயர், வயது, ஊர் பார்க்கலாம். வீட்டிலிருந்து பின்தொடர்பவர்களுக்காகச் செய்த வசதி அது. வீடியோவில் தெரிந்த எண்ணை அங்கே போட்டு, ஒரு செய்தித் தளம் 8.48-க்கு அந்த 27 வயது இளைஞர் மாரத்தானில் பலி என்று போட்டுவிட்டது. அங்கிருந்து அது கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே நேரத்தில் பரவியது.

படங்கள் காட்டிக்கொடுத்தது

இதற்கிடையில் மெடிக்கல் அலைவரிசையில் ஒரு வார்த்தை காதில் விழுந்தது. ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ், ஆஸ்பத்திரிக்கு விவரம் சொல்லும்போது "ஆண், நாற்பத்தஞ்சுக்குக் குறையாது" என்றார். டீச்சர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தேழுன்னல்லவா லிஸ்ட்ல இருக்கு?"

பிப் மாற்றி ஓடுவது ஓட்டக்காரர்களிடம் சாதாரணமாக நடப்பது. பணம் கட்டியவருக்கு வர முடியாமல் போனால் நண்பருக்குக் கொடுத்துவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை என்றே நினைப்பார்கள். 2016 டிசம்பரில் சீனாவின் சியாமென் நகரில் நடந்த அரை மாரத்தானில் இறந்த இருவரில் ஒருவர் வேறொருவரின் பிப்பை அணிந்து ஓடியவர். பிப்பில் அச்சிடும் ரத்தப் பிரிவுகூட அப்போது பொய்யாகிவிடும். ஆஸ்பத்திரியில் எப்படியும் சோதித்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள் என்றாலும், சாலையோரத்தில் நிற்கிற மெடிக்கல் டீமுக்குக் கிடைக்கும் ஒரே காகிதம் அந்த பிப்தான்.

பட்டியலில் இருந்த அவசரத் தொடர்பு எண்ணுக்குப் போன் செய்தோம். அது வீட்டு எண் அல்ல, மொத்தமாகப் பதிவு செய்த ஓட்டக் குழுவின் கேப்டனுடைய எண். அவரும் ஓடிக்கொண்டிருந்தார். போன் லக்கேஜ் கவுன்ட்டரில் ஒரு பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படங்களைத் தேடினோம். 5-ஆவது கிலோமீட்டரில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அந்த எண்ணைத் தேடி ஒரு படத்தைக் கண்டுபிடித்தோம். நடுவயதுக்காரர், மெரூன் நிற டீ-சர்ட், சிரித்துக்கொண்டே ஓடுகிறார். இருபுறமும் அதே மெரூன் டீ-சர்ட்டில் இரண்டு பேர், அவர்களுடைய பிப் எண்களும் தெளிவாகத் தெரிந்தன. அந்த இருவரில் ஒருவர் சற்று முன்புதான் ஃபினிஷைத் தாண்டியிருப்பது ரிசல்ட்டில் இருந்தது. ஃபினிஷில் நின்ற எங்கள் போட்டோகிராபர் அவரை மெடல் வாங்கும் இடத்தில் கண்டுபிடித்து, 9.02-க்கு மீடியா அறைக்குக் கூட்டிவந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எங்க ஆபீஸ் அண்ணனுங்க இவரு. தம்பிக்கு நைட் ஷிப்ட், அவன் பிப்பை இவருக்குக் குடுத்தான்."

மாரத்தான் வரலாற்றில் படம் சாட்சி சொன்னது புதிதல்ல. 1980-இல் பாஸ்டன் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்ததாக அறிவிக்கப்பட்ட ரோசி ரூயிஸை, பாதையின் பெரும்பகுதியில் எடுத்த படங்களில் எங்குமே காணவில்லை. ஒரு வாரத்துக்குப் பின் அவர் தகுதி நீக்கப்பட்டு, கனடாவின் ஜாக்குலின் கரோ வெற்றியாளரானார். அங்கே ஏமாற்றைக் கண்டுபிடிக்கப் படங்கள் உதவின. எங்களுக்கு அவை ஒரு வீட்டுக் கதவைச் சரியாகத் தட்ட உதவின.

அந்த நண்பரிடம் விழுந்தவருடைய மனைவியின் எண் இருந்தது. முதலில் அவர் பேசினார், உடனே போனை டாக்டரிடம் கொடுத்தார். 9.10-க்கு அந்த அழைப்பு முடிந்தது. உடம்பின் வெப்பம் 39-க்குக் கீழே வந்துவிட்டது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று டாக்டரே நிதானமாகச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த அம்மா முதல் முறையாக இந்தச் செய்தியைக் கேட்டது ஒரு டாக்டர் வாயிலிருந்து. ஒரு பார்வர்டு மெசேஜிலிருந்து அல்ல. அன்று நாங்கள் செய்த எல்லா வேலையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

9 மணிக்குச் சொன்னபடி இரண்டாவது குறிப்பு போயிருந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இறந்ததாகப் பரவும் தகவல் உண்மையல்ல என்ற வரியை முதலில் வைத்தோம். ஆனால் பரவிக்கொண்டிருந்த பெயரைப் பற்றி அதில் எதுவும் எழுதவில்லை. "அவர் இல்லை" என்று சொல்ல, முதலில் அவர் எங்கே என்று தெரிய வேண்டும். 9.20-க்குத்தான் கேப்டன் ஓடி முடித்துப் போனை எடுத்தார், அவர் மூலமாக அந்த இளைஞரைப் பிடித்தோம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பியது போன் அல்ல, வாசலில் கூடிய சொந்தக்காரர்கள். அவர் அம்மா அடுத்த தெருவில் அக்கா வீட்டில் இருந்திருக்கிறார். மகன் நடந்து வருவதைப் பார்க்கும்வரை யார் சொன்னதையும் நம்பவில்லை என்று பின்னால் அவர் சொன்னார். அந்த இளைஞருடைய சம்மதத்தோடு 9.35-க்கு மூன்றாவது குறிப்பு போனது: வெளியான பெயருக்குரியவர் பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை, வீட்டில் நலமாக இருக்கிறார். விழுந்தவரின் பெயரை அப்போதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. திங்கட்கிழமைப் பத்திரிகைகளில் இரண்டு மொழியிலும் பெயரில்லாமல் சிறு செய்தியாகவே வந்தது. அந்தச் செய்தித் தளம் மதியத்துக்குள் செய்தியை எடுத்துவிட்டது. திருத்தம் எதுவும் போடவில்லை.

மாறியதும் மாறாததும்

விழுந்தவர் சில நாட்களில் வீடு திரும்பினார். முந்தின இரண்டு நாள் காய்ச்சல் இருந்து மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு ஓடுவது வெப்பத் தாக்குக்கு நேர் வழி. அவர் பெயரில் பதிவு இருந்திருந்தால், முந்தின நாள் எல்லோருக்கும் போன உடல்நலக் கேள்வித்தாள் அவருக்கும் போயிருக்கும். அது நைட் ஷிப்டில் இருந்த இளைஞரின் போனுக்குப் போனது.

ஏற்பாட்டுக் குழு அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள் செய்தது. பிப் எண்ணைப் போட்டால் பெயர் காட்டும் வசதி ஓட்டம் முடிந்து, மெடிக்கல் டீம் சரி என்று சொன்ன பிறகே திறக்கும். அதுவரை வீட்டார் ஓட்டக்காரரின் சொந்த போன் எண்ணைப் போட்டுத்தான் பின்தொடர முடியும். அவசரத் தொடர்புக்குக் குழு கேப்டனின் எண் ஏற்கப்படாது, வீட்டாரின் எண்தான். இது தமிழிலும் மலையாளத்திலும் படிவத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்புவரை பிப்பைச் சட்டப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. தன்னார்வலர்கள் 108-க்குப் போன் செய்யக்கூடாது, வாக்கிடாக்கியில்தான் கூப்பிட வேண்டும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் 5.30-க்கு ஓட்டம் கிளம்பும் என்று தீர்மானம் எழுதினார்கள். அதை எழுத வைக்கத்தான் கூட்டத்தில் அதிக நேரம் பிடித்தது.

முடிவாகாமல் இருப்பது ஒன்று. பிப் கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் ஓராண்டு தடை செய்ய வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. தடை என்று தெரிந்தால், அடுத்த முறை ஒருவர் விழும்போது பக்கத்தில் ஓடும் நண்பர் உண்மைப் பெயரைச் சொல்லத் தயங்குவார். அன்று மெடல் வாங்கும் இடத்தில் நின்றவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கட்டணமில்லாத பெயர் மாற்றத்தை இரண்டு வருடம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் தடையைப் பற்றிப் பேசலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்ச் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.